ஓடாமல் நின்ற காரை எஃப்.சி.க்குத் தயார்செய்வது: முதலில் எதில் கை வைப்பது?

கேள்வி, மே 30

அப்பாவின் கார் ஐந்து வருடமாக ஷெட்டில் நிற்கிறது. ஓடினதே குறைவுதான், அதனால் தேய்மானம் பெரிதாக இருக்காது. புது பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். அதை மாட்டி, செல்ஃப் அடித்து, வண்டி எடுத்துவிட்டால் நன்றாகக் கழுவிவிட்டு நேராகத் தகுதிச் சோதனைக்கு (எஃப்.சி.) விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா அண்ணா?

மே 30, இரவு

பேட்டரியை இப்போதைக்கு மாட்டாதீர்கள் தம்பி. "ஓடினது குறைவு, தேய்மானம் இல்லை" என்கிற நினைப்புதான் இந்த மாதிரி வண்டிகளில் ஆளைக் கவிழ்க்கிறது. ஓடுகிற வண்டி தேயும், நிற்கிற வண்டி இறுகும். தேய்ந்தது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இறுகினது நீங்கள் பிரேக்கை மிதிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காது.

சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் வடிந்து இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு (சம்ப்) போயிருக்கும். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் கெட்டிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்திருக்கும். ஹோஸ், சீல், பெல்ட், டயர் என்று ரப்பரில் செய்தது எதுவானாலும் ஒரே நிலையில் கிடந்து விறைத்திருக்கும். இத்தனைக்கும் மேல் செல்ஃப் அடித்தால் பெரும்பாலும் இன்ஜின் எடுத்துவிடும். எடுத்துவிட்டால் கை சும்மா இருக்காது, ஒரு ரவுண்டு போய் வரலாம் என்று தோன்றும். எனக்குப் பயமே அங்கேதான்.

சோதனை போடுகிறவர் இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடுகிறது என்று கேட்க வருவதில்லை. மிதித்தால் நிற்கிறதா, ஸ்டியரிங் சொன்ன பக்கம் போகிறதா, விளக்கு எரிகிறதா, டயர் தேறுமா, அடிப்பாகம் உறுதியாக இருக்கிறதா, புகை அளவுக்குள் இருக்கிறதா என்பதுதான் அவர் கணக்கு. அதனால் நாமும் பிரேக்கில் ஆரம்பிப்போம். இன்ஜின் கடைசியில் வரட்டும்.

நான்கு விஷயம் சொல்லுங்கள். பெட்ரோலா டீசலா? கார்பரேட்டரா இன்ஜெக்‌ஷனா? ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினார்களா? இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள்?

மே 31

பதில் வருவதற்குள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஸ்பேனர் வேண்டாம், பார்வை மட்டும். இன்ஜினுக்கு நேர் கீழே தரையில் கறுப்புக் கறை என்றால் ஆயில். ரேடியேட்டருக்குக் கீழே நிறமாக உப்புப் பூத்திருந்தால் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக, தொட்டால் வழுவழுவென்று இருந்தால் பிரேக் ஆயில். அது தெரிந்தால் உடனே எழுதுங்கள்.

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள். மாமாவின் கார் ஒன்றை நான் எழுப்பியபோது, ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் சீட்டுப் பஞ்சையும் பானெட் அடியில் ஒட்டியிருக்கும் துணியையும் பிய்த்துக் கொண்டுவந்து எலி கூடு கட்டியிருந்தது. ஒரு சாண் தள்ளி, இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரின் தோல் பல் பல்லாகச் சுரண்டப்பட்டு உள்ளே செம்பு மின்னியது. அந்த நேரத்தில் பேட்டரி மாட்டியிருந்தால் ஃபியூஸ் போனதோடு நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது.

எலிப் புழுக்கை இருந்தால் காய்ந்தபடியே பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு ஈரத்துணியால் எடுங்கள். சைலன்சர் வாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஜூன் 1

சரி. பெட்ரோல், இன்ஜெக்‌ஷன், ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியது, பெல்ட் பற்றி யாருக்கும் தெரியாது. பின்னால் டிரம் பிரேக் என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் நெம்புகோலை விட்டுவிட்டுத் தள்ளிப் பார்த்தபோது வண்டி அசையாததில் ஆச்சரியமில்லை. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ, டிரம்மோடு துருவில் ஒட்டியிருக்கும், அல்லது கேபிள் உறைக்குள்ளேயே இறுகியிருக்கும். எது என்று தெரிய நெம்புகோலைப் பாருங்கள். கீழே இறக்கியும் பின்னால் கேபிள் விறைப்பாகவே இருந்தால் கேபிள். கேபிள் தொய்ந்தும் சக்கரம் சுற்றவில்லை என்றால் ஷூ.

இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்தால் வந்துவிடும் என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். வரும்தான். சில சமயம் ஷூவின் லைனிங் டிரம்மிலேயே ஒட்டிக்கொள்ள, ஷூ மட்டும் தனியாக வரும். அப்புறம் அந்தச் சக்கரத்தில் பிரேக்கே இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. சக்கரத்தைக் கழற்றினால், பல டிரம்களின் முகத்தில் மரை போட்ட இரண்டு சின்னத் துளைகள் தெரியும். அதற்குப் பொருத்தமான போல்ட் இரண்டை இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முறுக்கினால் டிரம் தானாக வெளியே நகரும். துளை துருவில் அடைந்திருந்தால் முதலில் கம்பி பிரஷ். நடுநடுவே ரப்பர் சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டுங்கள். டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணிதான்.

ஜூன் 4

இன்று பிரேக் ஆயில். இழையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. ஹோஸ் வழியாகவும் டப்பா மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் நின்றாலும் இது நிற்காது. பிரேக் ஆயிலின் தரத்தை டாட் 3, டாட் 4 என்று எண் போட்டுச் சொல்வார்கள். டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறினால் 155 டிகிரி இருந்தாலே போதும் என்று தரம் சொல்கிறது. டாட் 3 என்றால் 205, 140. ஒரு நீண்ட இறக்கத்தில் பிரேக் இந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ஆயிலுக்குள் ஆவிக் குமிழி வந்தால் பெடல் பஞ்சை மிதித்தது மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. போதாததற்கு அந்தத் தண்ணீர், சக்கரத்தில் பிரேக்கை அழுத்துகிற காலிபர் பிஸ்டனையும் வீல் சிலிண்டரையும் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் வண்டியில் ஐந்து வருடத்துக்கு மேல் ஆன ஆயில் இருக்கிறது.

மாற்றுகிற முறைதான் முக்கியம். மாமாவின் காருக்கு ஒரு மெக்கானிக்கை அழைத்திருந்தார்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க, இன்னொருவர் கீழே சக்கரத்தருகே ஆயில் வெளியேறும் திருகான நிப்பிளைத் திறந்து ஏர் எடுத்தார், அதாவது பழைய ஆயிலையும் உள்ளிருக்கும் காற்றையும் வெளியே விட்டார். எல்லோரும் செய்கிற முறைதான். ஓடுகிற வண்டிக்கு அதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அன்றாடம் ஓட்டும்போது பெடல் பாதி வழிக்கு மேல் போவதில்லை, அதனால் பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் உரசுவதும் முன்பாதியில் மட்டும்தான். மீதிப் பாதியில் வருடக்கணக்கில் கசடும் துருவும் படிந்திருக்கும். பெடலைத் தரையோடு அமுக்கினால் சீல் அந்த முரட்டு இடத்தில் ஏறி இறங்கும், உதடு கிழியும். அன்று மாலை பிரேக் அருமையாகப் பிடித்தது. சில நாள் கழித்து, சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. சொட்டு ஆயில்கூட வெளியே வரவில்லை, சீலைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள், பாதிக்கு மேல் போகாதபடி. அல்லது பெடலையே தொடாமல் நிப்பிள் பக்கம் உறிஞ்சும் பம்ப்பால் எடுங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அதை மீறாதீர்கள். நிப்பிள் இறுகியிருந்தால் முந்தின நாளே துரு நீக்கும் ஆயில் விட்டு வையுங்கள். ஆறு முக ஸ்பேனர் போடுங்கள். பன்னிரண்டு முகம் போட்டு முனை மழுங்கினால் அப்புறம் காலிபரையே கழற்ற வேண்டி வரும்.

எல்லாம் முடிந்ததும் இன்ஜின் அணைந்த நிலையில் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர்.

ஜூன் 4, மறுபடி

டிஸ்க்கை விட்டுவிட்டேன், நீளமாகிப் போனதால். மேலே மஞ்சள் பூசினது மாதிரி மெல்லிய துரு இருந்தால் கவலை வேண்டாம், நாலு தடவை மிதித்தால் டிஸ்க்கை அழுத்தும் பேடே சுரண்டிவிடும். பேடின் உருவம் அச்சாகப் பதிந்து, நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டால் டிஸ்க்கையும் பேடையும் ஜோடியாக மாற்றுங்கள். காலிபர் நகர்கிற பின்களை வெளியே இழுத்து, துடைத்து, அதற்கென்று இருக்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும். பிஸ்டனின் தூசி உறை கிழிந்து பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை.

ஜூன் 5

"டாட் 5 ஊற்றினால் ஈரமே பிடிக்காதே, அதையே போட்டுவிடலாமே" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். டாட் 5 சிலிக்கான், மற்றவை கிளைக்கால். இரண்டும் கலக்காது. ஈரத்தை உறிஞ்சாது என்றால் உள்ளே வரும் தண்ணீர் மாயமாகிவிடுமா? தாழ்வான இடத்தில் தனியாகத் தேங்கி அங்கேயே துருவாக்கும். ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கு அது ஆகவே ஆகாது. டாட் 5.1 வேறு, அது கிளைக்கால்தான். எண் அருகருகே இருப்பதால் கடையில் மாறிப்போகும். வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாங்குங்கள்.

ஜூன் 8

பெட்ரோல். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோலின் சுரீர் வாசனை போய் பழைய வார்னிஷ் நெடி வந்தால் அது இன்ஜினுக்கு ஆகாது. எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும், மீதி காற்றோடு சேர்ந்து பிசினாகும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சிக்கல் உண்டு. எத்தனால் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டே போகும், ஓர் அளவு தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுகிற இடமும் அடிதான்.

மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிக் கலந்து ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். சில மாதம் நின்ற வண்டிக்குச் செய்யலாம். ஐந்து வருடத்துக்கு வேண்டாம், முழுக்க எடுத்துவிடுங்கள். பல வண்டிகளில் பின்சீட்டுக்கு அடியில் ஒரு மூடி இருக்கும், பம்ப் அதன் வழியாக வரும். பம்ப்பின் வலையைப் பாருங்கள். பழுப்பாகப் பிசுபிசுத்திருந்தால் வலையையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்போ சுவிட்சோ இல்லாமல் இந்த வேலையைச் செய்யுங்கள். எடுத்த பெட்ரோலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் கழிவு எண்ணெய் எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

ரப்பர் பெட்ரோல் ஹோஸை வளைத்துப் பாருங்கள். மேலே மயிரிழை வெடிப்பு தெரிந்தால், கசிந்தாலும் கசியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அழுத்தம் அதிகம், அதற்கென்று உள்ள ஹோஸ்தான் வேண்டும். கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் ஜெட்டைக் கழற்றிக் கழுவாமல் தப்பிக்க முடியாது. டீசல்காரர்கள் டேங்கின் அடியில் கறுப்புச் சளி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து ஃபில்டரை அடைத்துவிடும்.

ஜூன் 9

இன்ஜினைக் கையால் சுற்றுகிற நாள். ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றும் முன் சுற்றிலும் உள்ள தூசியை ஊதிவிடுங்கள், உள்ளே விழக்கூடாது. ஒவ்வொரு துளையிலும் இரண்டு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடுகிற திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பெரிய நிம்மதி. எங்காவது கெட்டியாக நின்றால் பலம் போடாதீர்கள். ஊற விட்டு, அடுத்த நாள் மறுபடி.

ஜூன் 10

பெல்ட்டைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு அப்புறம் மாற்றலாம் என்று நீங்கள் சொன்னது செலவைப் பார்த்தால் நியாயம்தான். ஆனாலும் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே மாற்றிவிடுங்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு ஒன்று, வருடக் கணக்கு ஒன்று, எது முன்னால் வருகிறதோ அதுதான். உங்கள் பெல்ட் புல்லியின் வளைவிலேயே வருடக்கணக்கில் மடங்கிக் கிடந்திருக்கிறது. வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்கு போடுகிற வகை இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள், வாட்டர் பம்ப் அந்தப் பெல்ட்டிலேயே ஓடினால் அதையும். உங்களுடையது பெல்ட் இல்லாமல் செயின் என்றால் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம்.

ஜூன் 13

இன்று ஸ்டார்ட் செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரமாக இது.

பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரோடு மாற்றிவிட்டீர்கள்தானே? கூலன்ட்டும் புதிதா? பழைய கூலன்ட்டில் துருத் தடுப்பு தீர்ந்திருக்கும். பேட்டரி புதிது என்றாலும் கடையில் எவ்வளவு நாள் நின்றதோ, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சார்ஜ் ஏற்றும்போது ஹைட்ரஜன் வரும், ஷெட் கதவு திறந்திருக்கட்டும்.

பிளக் மாட்டாமல், பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸையும் இக்னிஷன் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஐந்து விநாடி, ஐந்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். ஆயில் விளக்கு அணையும் வரை. பிளக் இல்லாததால் இன்ஜின் லேசாகச் சுற்றும், பேரிங்கில் சுமை விழாது, பம்ப் ஆயிலை மேலே ஏற்ற நேரம் கிடைக்கும். விளக்கு அணைந்த பிறகுதான் எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், கதவைத் திறந்து வையுங்கள். சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்து கொஞ்ச நேரம் நீலப் புகை வரும், பயப்பட வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு நெடியோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் அணைத்துவிடுங்கள், கூலன்ட் உள்ளே போகிறது. ஓடும்போது பேட்டரி முனையில் பொதுவாக 13.8க்கும் 14.5க்கும் நடுவில் காட்டினால் ஆல்டர்னேட்டர் நலம்.

ஜூன் 14

எடுத்துவிட்டதா! மனசு நிறைந்தது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார் என்று எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

கியர் விழவில்லை, கரகரக்கிறது என்றால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கிறது. பெடலை முழுக்க அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டை கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் முதலில் அதன் ஆயிலை மாற்றுங்கள், அங்கேயும் அதே ஈரக் கதைதான். இன்ஜினைச் சூடாக்கிவிட்டு மறுபடி முயன்றாலே பல நேரம் விட்டுவிடும்.

ஜூன் 18

டயர். "பட்டன் முழுசாக இருக்கிறது" என்று படம் போட்டிருக்கிறீர்கள். ஆழம் சரிதான், பல நாடுகளில் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் மேடு அந்த உயரம்தான். ஆனால் பக்கச் சுவரைப் பாருங்கள். ஆங்கிலத்தில் DOT என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம், 2314 என்று இருந்தால் 2014ஆம் வருடம் 23ஆம் வாரம். வரிசை ஒரு பக்கச் சுவரில்தான் முழுசாக இருக்கும், வெளிப்பக்கம் இல்லை என்றால் உள்பக்கம் தேடுங்கள். காற்றை நிரப்பி, கட்டை விரலால் சுவரை அழுத்தித் தடவுங்கள். வலை மாதிரி மெல்லிய வெடிப்பு விரியும். உங்கள் படத்தில் நான் பார்த்தது அதுதான். அந்த டயரைச் சோதனையில் விட்டாலும் நான் நெடுஞ்சாலையில் விடமாட்டேன். ஸ்டெப்னியையும் இதே மாதிரி பாருங்கள்.

ஜூன் 20

பிரேக் போட்டால் பின்விளக்கு மங்குகிறது, இன்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது என்கிறீர்கள். பல்பு மாற்றிப் பயனில்லை, கோளாறு எர்த் இணைப்பில். விளக்குக் கூட்டிலிருந்து பாடிக்கு வரும் ஒயரின் வளையத்தைக் கழற்றி, வளையத்தையும் அது உட்காரும் தகட்டையும் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். நம்பர் பிளேட் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, ஹார்ன், வைப்பர், தண்ணீர் பீய்ச்சுவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பாருங்கள். ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து பாலிஷ் போடலாம், போட்ட பிறகு வெயில் தாங்கும் பூச்சு பூசாவிட்டால் மறுபடி மஞ்சளித்துவிடும்.

ஜூன் 22

"செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் முந்தின நாள் இரவு ஸ்கேனர் போட்டு பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டுப் போங்கள்" என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. இதை யாரும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குறியீட்டை அழித்தால், வண்டி தன்னைத்தானே சோதித்து வைத்திருக்கும் முடிவுகளும் சேர்ந்து அழியும். பேட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இதே கதிதான். கணினியில் பார்த்தால் "இன்னும் தயாரில்லை" என்று காட்டும். அதைப் பார்க்கிற இடங்களில் அதற்கே திருப்பி அனுப்புவார்கள். மறுபடி தயாராகக் குளிர்ந்த ஸ்டார்ட், நகர ஓட்டம், சீரான வேக ஓட்டம் எல்லாம் கலந்து ஓட்ட வேண்டும். அதைவிட விளக்கு எரிந்த காரணம் உள்ளே அப்படியே இருக்கும்.

புகைக்கு நேர்வழி உண்டு. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் வேலையைத் தொடங்கும். கொஞ்ச தூரம் ஓட்டி, நல்ல சூட்டோடு சோதனைக்குள் நுழையுங்கள். காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7க்கு 1 என்பதை லாம்டா 1 என்பார்கள். பல நாடுகளின் விதி 0.97 முதல் 1.03 வரை ஏற்கிறது. சைலன்சரில் சின்னத் துளை இருந்தாலும் வெளிக்காற்று நுழைந்து இந்த எண்ணைக் கெடுக்கும். ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் சைலன்சர் இணைப்புகளில் கையை அருகே கொண்டுபோய், தொடாமல், காற்று அடிக்கிறதா என்று பாருங்கள்.

ஜூன் 26

அடிப்பாகம். மேலே அழகாகக் கறுப்புப் பூசியிருந்தால் ஏமாறாதீர்கள், பூச்சுக்கு அடியில்தான் துரு வேலை செய்யும். திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். உறுதியான தகடு கணீர் என்னும், அரித்த தகடு சொத்தென்று கேட்கும். சஸ்பென்ஷனும் சீட் பெல்ட்டும் பிடிக்கிற இடங்களில் சந்தேகம் வந்தால் வெட்டிப் பற்றவைப்பது ஒன்றே வழி.

முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடதும் வலதும். மேல்கீழ் ஆட்டம் பால் ஜாயின்ட்டோ பேரிங்கோ, இடவல ஆட்டம் பெரும்பாலும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனை. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறையை மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள், வெடிப்பு மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து ஓரம் நைந்திருக்கிறதா என்று பாருங்கள். எலி கடித்தது அங்கேயும் இருக்கலாம். விட்டால் தானாகச் சுருள வேண்டும்.

ஜூன் 29

நாளை சோதனை. இன்ஷூரன்ஸ் காலாவதியாக இருந்தால் சாலையில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், அதைப் புதுப்பியுங்கள் அல்லது லாரியில் ஏற்றுங்கள். வழியில் ஆள் இல்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் சிலமுறை பிரேக் போட்டு டிஸ்க்கைச் சுத்தமாக்குங்கள். ஒரு பக்கம் இழுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். டிக்கியில் கிடக்கும் சாமானை இறக்குங்கள். நம்பர் பிளேட்டைத் துடையுங்கள். சேசிஸ் எண் துருவில் மறைந்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் அல்ல, மெதுவாகத் துணியால் தெரியவையுங்கள்.

ஜூலை 9

பின்பக்கம் இடதுக்கும் வலதுக்கும் பிரேக் விசையில் வித்தியாசம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள், மற்ற எல்லாம் தேறியது. ஐந்து வருடம் நின்ற வண்டிக்கு இது நல்ல முடிவு தம்பி, சோர்ந்து போகாதீர்கள்.

ஷூ புதிது, வீல் சிலிண்டர் புதிது, ஏர் இல்லை என்றால் எஞ்சி இருப்பது வளைகிற ரப்பர் பிரேக் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்சுவர் ஊதி வழியை அடைத்திருக்கும். பெடலின் அழுத்தம் மெதுவாகத்தான் போய்ச்சேரும், சில நேரம் போனது திரும்பி வராமல் சக்கரம் பிடித்தபடியே இருக்கும். நீங்கள் ஓட்டி முடித்ததும் ஒரு டிரம் மட்டும் சூடாக இருந்தது என்று எழுதியிருந்தீர்களே, இதுவாகத்தான் இருக்கும். பெடலை மிதித்து விட்டபின் அந்தச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். உடனே சக்கரம் விட்டுவிட்டால் ஹோஸ்தான். முன்னும் பின்னும் எல்லா ஹோஸையும் ஒன்றாக மாற்றுங்கள், வயது எல்லாவற்றுக்கும் ஒன்றே.

ஜூலை 15

ஹோஸ் மாற்றினதும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக வந்து சான்று கிடைத்துவிட்டதா, மிக்க மகிழ்ச்சி.

ஆயிரம் கிலோமீட்டருக்குள் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றுங்கள், உள்ளே ஊறிக் கிடந்த கசடு இப்போதுதான் கிளம்பும். பெட்ரோல் ஃபில்டரும் அப்படியே. கழற்றி மாட்டின சக்கரங்களின் நட்டைக் கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பிரேக் ஆயில் டப்பாவில் இன்றைய அளவுக்கு நேராக ஒரு கோடு போட்டு வையுங்கள். முதல் சில வாரம் தினமும் காலையில் பாருங்கள், கோட்டுக்குக் கீழே இறங்கினால் வண்டியை எடுக்காமல் எந்தச் சக்கரத்தில் ஈரம் என்று தேடுங்கள்.